ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், கிழக்கே கொல்லிமலை நீலக் கோடாகத் தெரிகிற ஓர் ஊரில், என் பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூட விடுமுறை என்றால் நான் அங்கேதான் இருப்பேன். அந்த ஊரில் ஒரு சீமை ஓட்டு வீடு உண்டு. நல்ல கிணறு, பத்து ஏக்கர் கடலைக் காடு, வாசலில் எப்போதும் இரண்டு ஜோடி மாடுகள். இருந்தும் அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிடும்.

"அந்த ஊட்டு ஆம்பளைங்க அம்பதைத் தாண்ட மாட்டாங்க" என்பார் பெரியம்மா.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மூத்த மகன் 44 வயதில் போனார். இரண்டு வருஷத்துக்குள் அடுத்தவர், 41 வயதில். இருவருக்கும் ஒரே மாதிரிதான். வலப்பக்கம் விலாவுக்குக் கீழே வலி. பிறகு கண் மஞ்சளித்து, வயிறு பானை போல் வீங்கி, கை கால் குச்சியாகி, நாலைந்து மாதத்தில் முடிந்துவிட்டது. ஈரலில் புற்று என்று சேலத்து டாக்டர்கள் சொன்னார்கள். ஊர் வேறொன்று சொன்னது: அந்த வீட்டுத் தாத்தா ஒரு கைம்பெண்ணின் கிணற்றடி நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கினாராம். அவள் மண்ணை வாரித் தூற்றினாளாம்.

எழுத்தாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு 26 வயதில் அது ஒரு சிறுகதையாயிற்று. ஊர்ப் பெயரை மாற்றினேன். கிணற்றை மாற்றவில்லை, ஓட்டு வீட்டை மாற்றவில்லை. முடிவில் அந்தக் கைம்பெண்ணின் சாபம் மூன்றாவது மகனின் வாசலில் வந்து நிற்பதாக எழுதினேன். பத்திரிகையில் வந்தது, ஐம்பது அறுபது கடிதங்கள் வந்தன. நெஞ்சை உலுக்கிவிட்டது என்றார்கள். நானும் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

2018-ஆம் ஆண்டில் ஒரு நாள் காலையில் அந்த மூன்றாவது மகன் என் வீட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு 56 வயது. ஆள் கருங்காலி மாதிரி இருந்தார். காபியை வேண்டாம் என்று சொல்லாமல் குடித்துவிட்டு, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். என் கதையைக் கத்தரித்து வைத்திருந்தார்கள், மடிப்பில் கிழிந்திருந்தது.

"தம்பி, கதை எழுதறது உங்க தொழிலு. அதுல நான் குத்தம் சொல்லல. என் புள்ளைக்கு வரன் பேசி, சீர் வரைக்கும் முடிவு பண்ணியாச்சுங்க. மாப்பிள்ளை ஊட்டுல இதை ஆரோ கொண்டு போய்க் காட்டியிருக்கறாங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. எங்க குலத்துக்கே சாபம்னு எழுதிப்போட்டீங்களே, அத உங்களுக்கு ஆரு சொன்னது?"

யார் சொன்னது? பெரியம்மா சொன்னாள், ஊர் சொன்னது. நான் யாரையும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. அவருக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு படித்தேன், தெரிந்த டாக்டர்களைத் தொந்தரவு செய்தேன். அப்படிக் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரை. இது ஒரு பழைய கடன்.

இந்தக் கதை நம் ஜில்லாவில் ஆரம்பிக்கவில்லை. 1950-இல் பாருக் ப்ளம்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் தென் அமெரிக்காவில் சூரினாம் நாட்டுக்குப் போனார். அங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆப்பிரிக்கா, ஜாவா, சீனா, நம் இந்தியா என்று பல தேசத்திலிருந்தும் ஜனங்களைக் கொண்டு வந்து இறக்கியிருந்தார்கள். ஒரே ஊர், ஒரே கொசு. யானைக்கால் வியாதியோ எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. வம்சத்துக்கு வம்சம் வித்தியாசம் இருந்தது. வியாதி வருவதும் வராததும் ரத்தத்தில் பரம்பரையாக வரும் ஏதோ ஒன்றைப் பொறுத்தது என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்தது.

பிறகு அவர் உலகமெங்குமிருந்து ரத்தத்தைச் சேகரிக்கத் தொடங்கினார். 1963-இல் அவரும் ஹார்வி ஆல்ட்டரும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நியூயார்க் நோயாளியின் ரத்தநீரை 24 பேருடைய ரத்தநீரோடு சேர்த்துப் பார்த்தபோது, ஒன்றே ஒன்றில் மட்டும் கோடு விழுந்தது. அந்த ஒருவர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர். அகப்பட்ட பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள்.

அது என்ன பொருள்? ப்ளம்பெர்க்குக்கு முதலில் வந்த பதில், பரம்பரைக் குணம் என்பதுதான். பிலிப்பைன்ஸில் செபு என்ற இடத்தில் குடும்பம் குடும்பமாகப் பரிசோதித்தார்கள். ஒரு வீட்டில் இருந்தால் அந்த வீட்டிலேயே பலருக்கு இருந்தது. அண்ணன் தம்பிகளுக்குச் சேர்ந்தாற்போல் இருந்தது. கண்ணின் நிறம் போல், மூக்கின் வளைவு போல், இதுவும் குலத்தோடு வருவது என்று எழுதினார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. பின்னால் நோபல் பரிசு வாங்கப்போகிற மனிதரும் என் பெரியம்மாவும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறார்கள்! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெரியம்மாவும் நானும் அதோடு நின்றுவிட்டோம். அவர் நிற்கவில்லை.

1966-இல் பிலடெல்பியாவில் அவர்கள் கவனித்து வந்த ஒரு நோயாளிக்கு முதல் தடவை அந்தப் பொருள் இல்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால் இருக்கிறது. பரம்பரைக் குணம் பாதி வழியில் வந்து ஏறுமா? பிறக்கும்போது இல்லாத பூனைக்கண் பெரியவனானதும் வருமா? நடுவில் என்ன நடந்தது என்று தேடினார்கள். அந்த மனிதனுக்கு இடையில் ஈரல் அழற்சி கண்டிருந்தது. அடுத்த ஆண்டில் அவர்களுடைய ஆராய்ச்சிச் சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கே காமாலை வந்தது. அவள் ரத்தத்திலும் அது தெரிந்தது. குலச்சொத்து என்று நினைத்தது ஒரு கிருமியின் மேலுறை என்று புரிந்தது. அந்தக் கிருமிதான் ஹெபடைட்டிஸ் பி வைரஸ். 1969-இல் ப்ளம்பெர்க்கும் இர்விங் மில்மனும் அதற்குத் தடுப்பூசி செய்யும் வழிக்குக் காப்புரிமை கேட்டார்கள். 1976-இல் நோபல் பரிசு வந்தது.

கிருமி என்றால் குடும்பத்தோடு ஏன் வந்தது? காரணம் எளியது. கிருமி உள்ள தாயிடமிருந்து பிரசவ வேளையில் குழந்தைக்கு வந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்கு வந்தால் நேர் எதிர். நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது ஆயுள் முழுவதும் தங்கிவிடும். குழந்தையின் உடம்புக்கு இன்னும் பகையாளி யார், பங்காளி யார் என்று தெரியவில்லை. கிருமியும் சத்தம் போடாது. முப்பது நாற்பது வருஷம் ஈரலில் குடியிருந்துவிட்டுப் பிறகுதான் தன் வேலையைக் காட்டும்.

இதைப் படித்த அன்று நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். ஊர் அந்த வீட்டில் தாத்தாவின் குலத்தைப் பழித்தது; நானும் பழித்தேன். கிருமியோ அந்த வழியாகவே வந்திருக்க வேண்டியதில்லை. எல்லோரும் பரிதாபப்பட்ட அந்த ஆத்தா இருக்கிறாளே, இரண்டு மகன்களைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு 86 வயதில் திண்ணையில் கடலை உடைத்துக்கொண்டிருந்தவள், அவளிடமிருந்து, அவளுக்கே தெரியாமல் வந்திருக்கலாம்.

மூன்றாவது மகனிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்தார். ஆத்தாவுக்குக் கிருமி இருந்தது. அவருக்கும் இருந்தது. அவருடைய அக்காவுக்கும், அக்காவின் மகளுக்கும் இருந்தது. அவருடைய சொந்த மகள், கலியாணம் நின்றுபோன அந்தப் பெண், அவளுக்கு மட்டும் இல்லை. அவளுடைய தாய்க்குக் கிருமி இல்லை. அதனால் பிள்ளைக்கும் இல்லை. சாபம் என்று நான் எழுதியது யாரை அடித்ததோ, அவளிடம் அந்த வியாதியின் சுவடுகூடக் கிடையாது.

ஆத்தாவுக்கு இதைப் பதமாகத்தான் சொன்னார்கள். அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நானா கொடுத்தேன்?" என்று மட்டும் கேட்டாளாம். அவளுக்கு யார் கொடுத்தார்களோ! அவள் தாயோ, கொதிக்க வைக்காத ஊசியோ. இதில் குற்றவாளி என்று யாரும் இல்லை.

மகன்கள் படுத்தபோது அவள் சும்மா இருக்கவில்லை. வரப்பில் முளைத்த கீழாநெல்லியைப் பிடுங்கி மோரில் அரைத்துக் கொடுத்தாள். நம் பக்கத்தில் காமாலை என்றால் கீழாநெல்லிதான். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் 1988-இல் லான்செட் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ப்ளம்பெர்க்கும் அதில் ஒருவர். 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் மேலுறை மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆத்தா செய்தது மடமை அல்ல. அவள் கையில் இருந்த ஆயுதம் அந்தப் பகையாளிக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

சரி, கிருமிதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. 1981-இல் டாக்டர் பீஸ்லியின் குழு தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்துச் சொன்ன கணக்கு இது: ஈரல் புற்று வந்த 41 பேரில் 40 பேர் இந்தக் கிருமி உள்ளவர்கள். கிருமி உள்ளவருக்கு இல்லாதவரைவிட 200 மடங்குக்கு மேல் ஆபத்து. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஆனால் மூன்றாவது மகன் சும்மா விடுகிற ஆளா?

"எனக்கும்தானுங்க பூச்சி இருக்குது. ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே சட்டிச் சோறு தின்னோம். அவங்க ரண்டு பேரும் போனாங்க. நான் ஏன் இருக்கறேன்?"

இந்தக் கேள்விக்குத்தான் விஞ்ஞானிகள் முப்பது நாற்பது வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் பாதி கிருமியைப் பற்றியது, பாதி மனிதனைப் பற்றியது.

முதலில் கிருமி. அதன் ஜாதகம் மிகச் சின்னது. சுமார் 3,200 எழுத்து. பத்திரிகையில் இரண்டு பக்கத்தில் அடக்கிவிடலாம். ஒவ்வொரு நாளும் ஈரலுக்குள் அது கோடிக்கணக்கில் தன்னைப் பிரதி எடுக்கிறது. ஆனால் பிரதி எடுக்கிற குமாஸ்தாவுக்கு ப்ரூஃப் பார்க்கும் வழக்கமே கிடையாது. எழுத்துப் பிழை மலிகிறது. பெரும்பாலான பிழைகள் அர்த்தமில்லாமல் உதிர்ந்துபோகும், சில தங்கிவிடும். 1762-ஆவது எழுத்திலும் 1764-ஆவது எழுத்திலும் சேர்ந்து பிழை விழுந்த கிருமியை ஈரல் புற்று வந்தவர்களிடம் அதிகமாகக் காண்கிறார்கள். மேலுறையை எழுதும் பகுதியில் சில வரிகள் விடுபட்ட பிரதிகளும் அப்படியே. ஒரு தாயிடமிருந்து மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே கிருமி வந்திருக்கலாம். நாற்பது வருஷத்தில் அது மூன்று உடம்பிலும் மூன்று வேறு பிரதிகளாகிவிடும்.

இனி மனிதன். நம் உடம்பில் வந்தவன் அந்நியன் என்று காவலாளிக்குக் காட்டிக்கொடுக்கும் சில மரபணுக்கள் உண்டு. அவை ஆளுக்கு ஆள் வேறுபடும், உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே வேறுபடும். தாயிடம் இரண்டு சீட்டு, தகப்பனிடம் இரண்டு சீட்டு. பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்றுதான் விழுகிறது. அந்தக் காவல் மரபணுக்களில் ஹெச்.எல்.ஏ. டி.பி. என்ற வகையில் உள்ள வேறுபாடுகள் கிருமி ஆயுள் முழுவதும் தங்குவதோடு சம்பந்தப்பட்டவை என்று 2009-இல் ஜப்பானில் கண்டார்கள். புற்றின் ஆபத்தோடு சம்பந்தப்பட்ட வேறு மரபணுக்களைப் பின்னால் சீனாவில் கண்டார்கள்.

2013-இல் ஷாங்காய் ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். கிருமியின் பிழையைத் தனியாகவும், மனிதனின் மரபணுவைத் தனியாகவும் எடை போட்டால் கணக்கு முழுதாக வரவில்லை. ஒரே பிழை எல்லா உடம்பிலும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. அது எந்த உடம்பில் விழுகிறது என்பதைப் பொறுத்தும் இருக்கிறது. விதை பாதி, மண் பாதி. இது நம் கடலைக் காட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடலை என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த நஞ்சுதான் கொன்றது. அதற்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். இந்தப் பூஞ்சை நஞ்சு மனித ஈரலில் காவலிருக்கும் ஒரு முக்கியமான மரபணுவில், குறிப்பிட்ட ஓர் எழுத்திலேயே தழும்பு போடுகிறது என்று 1991-இல் சீனாவிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலும் கிடைத்த புற்றுகளில் கண்டார்கள். ஷாங்காயில் 18,000 ஆண்களைக் கவனித்து 1994-இல் போட்ட கணக்கு இன்னும் திடுக்கிட வைக்கும். நஞ்சு மட்டும் என்றால் 3 மடங்கு ஆபத்து. கிருமி மட்டும் என்றால் 7 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 59 மடங்கு!

நாமக்கல் கோழிப் பண்ணைக்காரருக்கு இந்த நஞ்சு நன்றாகத் தெரியும். தீவனத்தைப் பரிசோதிக்காமல் அவர் கோழிக்குப் போட மாட்டார். வீட்டில் நடப்பது வேறு. முதல்தரக் கடலையை மண்டிக்கு ஏற்றிவிட்டு, மழையில் நனைந்த சொத்தைக் கடலையை வீட்டுச் சட்னிக்கு வைத்துக்கொள்கிறோம். கோழிக்குப் படுகிற கவலையில் பாதியைப் பிள்ளைகளுக்குப் படலாம்.

மூத்த மகன்கள் இருவரும் கொஞ்சம் குடிப்பார்கள், மூன்றாமவர் தொட்டதில்லை. அதுவும் ஈரலுக்கு ஒரு சுமை. ஆத்தா தப்பித்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது; உலகெங்கும் இந்தப் புற்று பெண்களைவிட ஆண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு வருகிறது. ஆனால் இந்த ஒரு மனிதர் இன்ன காரணத்தால்தான் பிழைத்தார் என்று அடித்துச் சொல்ல விஞ்ஞானத்துக்கு வாய் வராது. ஆயிரம் பேரைப் பற்றி அது தைரியமாகப் பேசும். ஒருவரைப் பற்றிப் பேசும்போது தயங்கும். கதாசிரியர்கள்தான் நேர் மாறாக இருக்கிறோம். ஒருவரைப் பார்த்துவிட்டு ஒரு குலத்துக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இத்தனையும் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. கிருமியில் விழும் பிழையை நாம் தடுக்க முடியாது. பிறக்கும்போது விழுந்த சீட்டை மாற்ற முடியாது. ஆனால் இந்த இரண்டும் சந்திக்காமல் செய்துவிடலாம். தைவானில் 1984 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1997-இல் கணக்குப் பார்த்தால், 6 முதல் 14 வயதுக் குழந்தைகளுக்கு வரும் ஈரல் புற்று பாதியாகக் குறைந்திருந்தது. புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்கலாம் என்று உலகம் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அதே 1997-இல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே ஊசி மருந்தைச் செய்து விலையை இறக்கிற்று. 2011-இல் இது தேசம் முழுவதற்குமான குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அந்த ஆண்டில்தான் ப்ளம்பெர்க் காலமானார். அவருடைய பிறந்த நாளான ஜூலை 28-ஆம் தேதியில், 2018-இல், நம் அரசாங்கம் ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. கிருமி உள்ளவர்களுக்குப் பரிசோதனையும் மருந்தும் அதில் இலவசம். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கில் நம் நாட்டில் இந்தக் கிருமியோடு வாழ்கிறவர்கள் ஏறக்குறைய 3 கோடி. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் இது ஒட்டாது. கையைப் பிடித்தால் ஒட்டாது. அந்த 3 கோடிப் பேரில் எத்தனை வீட்டில் கலியாணம் நின்றிருக்கும் என்று யார் கணக்கெடுப்பது?

மூன்றாவது மகன் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். அவருடைய மகளுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் கலியாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே போய், அந்தக் கதை என் கற்பனை என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்நாளில் ஒரு கதையைப் பற்றி நான் செய்த மிக உபயோகமான விமர்சனம் அதுதான்.

ஆத்தா போய்விட்டாள். போவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனாள். கிருமி இருந்த அந்தப் பேத்திக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆயிற்று. முன்னரே சொல்லி வைத்திருந்ததால், குழந்தை பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசியும் மற்றொரு தொடையில் எதிர்ப்புச் சத்து ஊசியும் போட்டார்கள். அடுத்த ஊசிகளையும் தவறாமல் போட்டு, வயது ஒன்றாகும்போது ரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை.

மூன்றாவது மகன் எனக்கு டெலிபோன் செய்தார்.

"தம்பி, கொழந்தைக்கு ஒண்ணுமில்லையாமுங்க. ஆத்தா அழுவறா. இதையும் எழுதிப்போடுங்க."

எழுதிவிட்டேன்.